கிருஷ்ணாயிலில் பறந்த யுகம்

ஜெட் விமானங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தில்தான் ஆரம்பிப்பார்கள். எது முதலில் ஒலியை முந்தியது, எத்தனை அடி உயரத்தில் பறந்தது என்று போகும். நான் எண்ணெயில் ஆரம்பிக்கிறேன். வளர்ந்த இடம் அப்படி. திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால், மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீ ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருக்கும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த டேங்கர்களில் சிலது பெட்ரோலும் இல்லை, டீசலும் இல்லை. ஏடிஎஃப் வண்டி என்பார்கள். விமானத்துக்கு ஊற்றும் எண்ணெய். மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானத்தின் இறக்கைக்குள் இருப்பது எங்கள் பக்கத்துச் சரக்கு என்று தெரிந்த நாளிலிருந்து, வானத்தில் எது போனாலும் இது எவ்வளவு குடிக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஜெட் யுகத்தைப் படித்தால் கதையே வேறு மாதிரி தெரிகிறது. பயணி விமானத்தின் வேகம் 1958ல் எட்டிய இடத்திலேயே கிட்டத்தட்ட இன்றும் நிற்கிறது. அன்றைய போயிங் 707 போன வேகத்தில்தான் இன்றைய விமானமும் டெல்லிக்குப் போகிறது. அந்தப் பக்கம் மாறியதெல்லாம் எண்ணெய்க் கணக்கு. அந்தக் கணக்கைச் சரிசெய்யப் போன வழியில், படைக்காகச் செய்த எஞ்சின் பயணிகளுக்கு வந்தது. அப்புறம் பயணிகளுக்காகச் செய்தது திரும்பப் படைக்கே போனது.

மணலி ஆலையைப் பற்றி ரெண்டு வரி. 1965ல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கினார்கள். 1969ல் உற்பத்தி ஆரம்பமானபோது திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று 1 கோடியே 5 லட்சம் டன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் விட்டால், லேசானது மேலே போகும், கனமானது கீழே தங்கும். நடுவில், சுமாராக 150 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் இடையே கொதிக்கும் பங்குதான் மண்ணெண்ணெய். எங்கள் வீட்டில் கிருஷ்ணாயில். ரேஷன் கடையில் நீலச் சாயம் போட்டு ஊற்றியதும், ஜெட் விமானத்தில் ஊற்றுவதும் இந்த ஒரே பங்கிலிருந்து வருகிறவை. விமானத்துக்குப் போவதற்குக் கட்டுப்பாடு அதிகம், அவ்வளவுதான். மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. 38 டிகிரிக்குக் கீழே அதன் ஆவி தீப்பிடிக்கக் கூடாது. தண்ணீர், தூசி, அரிக்கும் கந்தகச் சேர்மங்கள் எதுவும் கூடாது.

இந்தத் தண்ணீர் விஷயத்தை எனக்குப் புரியவைத்தவர் என் தாய்மாமா. டேங்கர் லாரியில் ஓடியவர். ஒரு நாள் வீட்டில் இருந்த கிருஷ்ணாயிலைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி ஊற்றி, அதில் விரல் நுனியால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியைப் போட்டுக் கையால் வட்டமாகச் சுழற்றினார். நீல எண்ணெய் சுழன்றது. நிறமில்லாத குட்டிக் குட்டி மணிகள் அடியில் உருண்டு, சுழற்சி அடங்க அடங்க நடுவே வந்து கூடின.

"பாத்தியா மாப்ள, தண்ணி ஓடியாந்து நடுவுல குந்திக்குது. இது ஸ்டவ்வுல பூந்தா பொட்டு பொட்டுன்னு அணையும். மேல முப்பதாயிரம் அடில பூந்தா?"

"இன்னா மாமா ஆவும்?"

"ஐஸ் ஆயிடும்டா."

விமான நிலையத்தில் செய்வதும் இதேதான் என்றார். சுத்தமான கண்ணாடி ஜாடியில் எண்ணெய் பிடித்து, சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். கலங்கல் இருக்கக் கூடாது, அடியில் மணி இருக்கக் கூடாது. அப்புறம் ஊசி போடும் சிரிஞ்சின் முனையில் ஒரு சின்ன மஞ்சள் வில்லையைப் பொருத்தி அதன் வழியே எண்ணெயை இழுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறும். பச்சை தெரிந்தால் அந்தச் சரக்கு ஏறாது.

மாமா சொன்ன ஐஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2008 ஜனவரி 17ல் உலகத்துக்கே தெரிந்தது. பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, ஹீத்ரோ ரன்வேயைத் தொட இன்னும் சில கிலோமீட்டர் இருக்கையில், விசை கேட்டபோது ரெண்டு எஞ்சினும் கொடுக்கவில்லை. ரன்வேக்கு முன்னாலேயே புல்தரையில் விழுந்து சறுக்கி நின்றது. யாரும் சாகவில்லை. எண்ணெயில் குறை இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. எல்லா விமான எண்ணெயிலும் இருக்க அனுமதிக்கப்பட்ட துளி அளவு ஈரம்தான் அதிலும் இருந்தது. ரஷ்யாவின் குளிர்வானத்தில் எண்ணெயின் சூடு மைனஸ் 34 வரை இறங்க, அந்த ஈரம் குழாயின் உட்சுவரில் ஐஸாகப் படிந்தது. கடைசியில் மொத்தமாகக் கழன்று வந்து, எண்ணெயைச் சூடேற்றும் கருவியின் வாயை அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கருவியின் வடிவத்தையே மாற்றினார்கள். இத்தனை பெரிய இயந்திரத்தின் உயிர் அவ்வளவு சின்ன இடத்தில் இருக்கிறது.

வடசென்னைக்கும் இந்த எண்ணெய்க்கும் உள்ள பழக்கம் மணலிக்கும் முந்தியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்து சுட்டபோது, தீப்பிடித்தவை துறைமுகத்தின் ஓரம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள். அன்றைக்கு மண்ணெண்ணெய் என்றால் விளக்குக்கும் அடுப்புக்கும்தான். விமானங்கள் பெட்ரோலில் பறந்தன, அதுவும் வரவர நயம் கூடிய பெட்ரோலில். பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு முறையும் சரியான நொடியில் வெடிக்க வேண்டும். முந்திக்கொண்டு வெடித்தால் எஞ்சின் நொறுங்கும். அதனால் இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஈயம் கலந்த 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு நாடுகள் அலைந்தன.

ஜெட் எஞ்சினில் அந்தத் தொல்லை இல்லை. முன்னால் காற்றை இழுத்து கம்ப்ரஸர் அமுக்குகிறது. நடுவில் எண்ணெயைப் பொடிப்பொடியாகத் தெளித்துத் தொடர்ந்து எரிக்கிறார்கள். அந்தச் சூடான காற்று பின்னால் பாய்கிற வழியில் டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் அதே அச்சில் இருக்கும் கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது. மிச்சமுள்ள பாய்ச்சல்தான் உந்துவிசை. உள்ளே நடப்பது வெடிப்பு இல்லை, அணையாத தீ. எங்கள் வீட்டுப் பம்ப் ஸ்டவ் மாதிரி: காற்றழுத்தம், பொடித்துளை, நீலச் சுடர்.

பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஃபிராங்க் விட்டில் 1930லேயே இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935ல் அதைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்ட வேண்டும். அவரிடம் இல்லை, அரசும் கட்ட மறுத்தது, காப்புரிமை காலாவதியானது. ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் தனியாக இதே யோசனைக்கு வந்தார். அவருடைய எஞ்சின் பொருத்திய ஹைங்கல் 178 விமானம் 1939 ஆகஸ்ட் 27ல் பறந்தது. விட்டிலின் எஞ்சினோடு குளோஸ்டர் விமானம் 1941 மே 15ல் பறந்தது. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வரும் என்பதால் விட்டில் பிடித்துக்கொண்டது விளக்கு எரிக்கும் மண்ணெண்ணெயை. ஆனால் அவருடைய பெரிய தலைவலியே அதைச் சீராக எரிப்பதுதான். சுடர் ஒரு பக்கம் சாயும், தகடு உருகும். 1940ல் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஐசக் லப்பாக், எண்ணெயை நன்றாகத் தூளாக்கித் தெளிக்கும் பர்னர் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது. ஜெட் யுகத்தின் பெரிய பெயர்களில் லப்பாக்கை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

போரில் முதலில் இறங்கிய ஜெட் சண்டை விமானம் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஸ்மிட் 262. பறப்பதில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் நிக்கல் போன்ற உலோகங்களுக்குப் பஞ்சம். சூட்டைத் தாங்கும் உலோகம் இல்லாமல் செய்த அதன் எஞ்சின் சுமார் 25 மணி நேரத்தில் தேய்ந்துபோனது. எஞ்சின் என்பது உலோகத்தின் கதையும்கூட என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கதைக்கு வரும்போது இது தேவைப்படும்.

அமைதிக் காலத்தில் பயணிகளை ஜெட்டில் ஏற்றியது பிரிட்டன். 1952 மே 2ல் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு டி ஹாவிலண்ட் காமெட் கிளம்பியது. அதிராத, இரையாத பயணம் என்று உலகமே பேசியது. சரியாக ஒரு வருடத்தில், 1953 மே 2 அன்று, கல்கத்தாவின் டம்டம்மில் இருந்து டெல்லிக்குப் புறப்பட்ட காமெட் இடிமழையில் சிக்கி உடைந்து விழுந்தது. 43 பேர். 1954 ஜனவரியில் ஒன்று எல்பா தீவருகே, ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸ் பக்கம், ரெண்டும் நல்ல வானத்தில் சிதறின. எல்லா காமெட்டையும் நிறுத்தினார்கள்.

அதன் பிறகு பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் செய்த சோதனை எனக்கு இந்த யுகத்தின் மிக அழகான வேலைகளில் ஒன்று. ஜெட் எஞ்சின் உயரத்தில்தான் சிக்கனமாக ஓடும். கீழே பறந்தால் எண்ணெய் தண்ணீராய்ச் செலவாகும். அதனால் காமெட் 35,000 அடிக்கும் மேலே போனது. அங்கே வெளியே மூச்சுவிடப் போதுமான காற்றில்லை, உள்ளே ஆளுக்குக் காற்று வேண்டும். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடல் உப்பி அடங்கும். ஒரு முழு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பறந்த கணக்கும் சோதனைக் கணக்குமாகச் சுமார் 3,000 தடவை ஆனபோது, திறப்பின் மூலையில் பிளந்தது. உலோகம் களைத்துவிட்டது. காற்றுக்குப் பதில் தண்ணீர் வைத்ததால் வெடித்துச் சிதறாமல், பிளவு எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. கண்டதை ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். போட்டிக்காரர்களான அமெரிக்கர்களும் அதைப் படித்துத்தான் தங்கள் விமானங்களைக் கட்டினார்கள்.

களைப்பு உடலோடு நிற்கவில்லை. 1976 அக்டோபர் 12ல் பம்பாயிலிருந்து நம் மெட்ராஸுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவல் விமானத்தில், கிளம்பிய உடனே எஞ்சினின் கம்ப்ரஸர் வட்டு களைப்பால் உடைந்து தீப்பிடித்தது. 95 பேரும் இறந்தார்கள். நடிகை ராணி சந்திராவும் அதில் ஒருவர். அந்தத் தலைமுறைக்காரர்கள் வீட்டில் இன்றும் அந்தச் செய்தியைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரி, அமெரிக்கப் பக்கம். போயிங் செய்தது படைக் கணக்கு. அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானங்களுக்கு வானத்திலேயே எண்ணெய் ஊற்ற ஒரு ஜெட் டேங்கர் தேவைப்படும் என்று கணித்து, சொந்தக் காசில் ஒரு மாதிரி விமானத்தைச் செய்து 1954 ஜூலை 15ல் பறக்கவிட்டார்கள். அதிலிருந்து கேசி-135 டேங்கர் ஒரு கிளையாகவும், 707 பயணி விமானம் மறு கிளையாகவும் பிறந்தன. எஞ்சினும் பி-52ல் இருந்த அதே குடும்பம். 1958 அக்டோபர் 26ல் பான் ஆம் விமானக் கம்பெனியின் 707 நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறந்தது. பயணி ஜெட்டின் அண்ணன் ஒரு எண்ணெய் டேங்கர் என்பதில் டேங்கர் லாரி பார்த்து வளர்ந்த எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

ஏர் இந்தியா 1960ல் 707 வாங்கியது. 1962ல் பிஸ்டன் விமானமே இல்லாமல் முழுக்க ஜெட்டில் ஓடும் உலகின் முதல் விமானக் கம்பெனி ஆனது. ஏர் இந்தியா அப்போது எடுத்த எஞ்சின் ரோல்ஸ்-ராய்ஸ் கான்வே. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலும் இருந்தது அது. அதில்தான் பைபாஸ் முதன்முதலாக வேலைக்கு வந்தது. விஷயம் இதுதான்: கொஞ்சம் காற்றை மிக வேகமாகப் பின்னால் தள்ளுவதைவிட, நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் அதே எண்ணெய்க்கு அதிக உந்துவிசை கிடைக்கும். ஆகவே முன்னால் ஒரு விசிறியைப் பெரிதாக வைத்து, இழுக்கும் காற்றில் ஒரு பகுதியை மட்டும் தீக்குள் விட்டு, மீதியைச் சுற்றி வெளியே அனுப்பிவிட வேண்டும். இதையும் விட்டில் 1936லேயே எழுதிவைத்திருந்தார். கான்வேயில் சுற்றிப்போன காற்று, தீக்குள் போன காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்தச் சின்ன விகிதமே போதுமானதாக இருந்தது, நம்ம ஏர் இந்தியா அதை வாங்க.

விகிதத்தை ஒரேயடியாக உயர்த்தியதும் படைதான். 1960களில் அமெரிக்க விமானப்படை பிரம்மாண்டமான சரக்கு விமானம் கேட்டது. 1965ல் லாக்ஹீடின் சி-5க்குத்தான் ஆர்டர் கிடைத்தது. அதன் ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சினில் ஒரு பங்கு தீக்குள் போனால் எட்டுப் பங்கு வெளியே போனது. போட்டியில் தோற்ற போயிங், கற்றதை வீணாக்காமல் 747ஐக் கட்டியது. பிராட் அண்ட் விட்னியின் ஐந்துக்கு ஒன்று எஞ்சின் நாலு பொருத்தி 1969 பிப்ரவரி 9ல் பறந்தது, 1970 ஜனவரியில் பயணிகளை ஏற்றியது, அடுத்த வருடமே ஏர் இந்தியாவுக்கும் வந்தது. அதன் முதுகில் ஏன் திமில் தெரியுமா? இனிப் பயணிகள் எல்லாரும் ஒலியை முந்தும் விமானத்தில் போய்விடுவார்கள், இது சரக்கு ஏற்றத்தான் மிஞ்சும் என்று நினைத்தார்கள். மூக்கைத் தூக்கித் திறந்து நேரே பெட்டிகளை ஏற்ற வசதியாக விமானிகளை மாடிக்கு அனுப்பினார்கள்.

ஒலியை முந்தும் கான்கார்டும் வந்தது. 1976 ஜனவரி 21ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. எஞ்சின் வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் ஒலிம்பஸ் வழி வந்தது. நூறு பேரை அட்லாண்டிக் தாண்டவைக்க 90 டன்னுக்கும் மேல் எண்ணெய் பிடிக்கும் தொட்டிகள். அதை வரைந்தபோது எண்ணெய் மலிவு. பறக்க வந்தபோது 1973ன் நெருக்கடி நடந்து, விலை நாலு மடங்காகிவிட்டது. பார்க்க அதைவிட அழகான விமானம் இன்றுவரை வரவில்லை, அதை மறுக்கவே மாட்டேன். ஆனாலும் ஜெயித்தது தடித்த 747தான். 1973க்குப் பிறகு விமானக் கம்பெனிகள் முதலில் கேட்ட கேள்வி, எவ்வளவு குடிக்கும்?

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் எனக்கு மிகப் பிடித்தது சிஎஃப்எம்-56 எஞ்சின். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்ஸின் ஸ்னெக்மாவும் கூட்டுச் சேர்ந்தன. உள்ளே இருக்கும் கரு, அதாவது எண்ணெய் எரியும் நடுப்பகுதி, பி-1 அணுகுண்டு விமானத்துக்காகச் செய்த எஃப்-101 எஞ்சினுடையது. ராணுவ ரகசியம் வெளிநாடு போகக் கூடாது என்று அமெரிக்க அரசு தடுத்தது. 1973ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் நிக்சனும் பிரெஞ்சு அதிபர் பொம்பிடுவும் சந்தித்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. பிறகும் வருடக்கணக்கில் ஒரு ஆர்டர்கூட வராமல் கடையை மூடும் நிலை. 1979ல் பழைய டிசி-8 விமானங்களுக்கு மாற்று எஞ்சினாக வாங்க ஆள் வந்தது. அப்புறம் போயிங் 737 வந்தது. அந்த விமானம் தரையோடு ஒட்டி நிற்கும். பெரிய விசிறிக்கு அடியில் இடமில்லை. ஆகவே எஞ்சினின் வாயை வட்டமாக வைக்காமல் அடிப்பக்கம் தட்டையாக நசுக்கினார்கள். மீனம்பாக்கத்தில் பஸ்ஸில் ஏறி விமானத்துக்குப் போகும்போது 737 நின்றால் கவனியுங்கள், அதன் வாய் அடியில் சப்பையாக இருக்கும்.

இந்தக் கதை நம் ஊருக்குப் பக்கத்திலேயே முழு வட்டம் அடித்தது. அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளம். அங்கே 2013ல் பி-8ஐ விமானங்கள் வந்து சேர்ந்தன. நீர்மூழ்கிகளைத் தேடுபவை. அவற்றின் உடல் 737ன் உடல், எஞ்சின் அதே சிஎஃப்எம்-56. அணுகுண்டு விமானத்துக்காகப் பிறந்த கரு, பயணிகளைச் சுமந்து சுமந்து சிக்கனமும் நம்பகமும் பழகி, திரும்பவும் சீருடை போட்டுக்கொண்டு வங்கக்கடல்மேல் மணிக்கணக்கில் சுற்றுகிறது. படைக்கு வேகத்தைவிட நேரம் முக்கியமான வேலைகளில், பயணி விமானத்தின் எண்ணெய்க் கணக்குதான் ஜெயிக்கிறது.

இன்றைய விமானங்களில் அந்தப் பைபாஸ் விகிதம் பதினொன்று, பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் எண்ணெய், முதல் ஜெட்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. ஆனால் பறப்பவர்கள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டார்கள், மொத்தச் செலவு ஏறியபடியே இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து இதைப் புள்ளிவிவரமாகப் படிக்கலாம். எங்களுக்கு மணலிக் காற்றின் வாடை அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தபோது, வலையும் படகும் கறுத்து நின்ற மீனவக் குடும்பங்களை நாடு சில நாள் பார்த்தது. விமானத்தின் சிக்கனத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும், எண்ணெய் கிளம்பும் ஊரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

சண்டை விமானத்துக்கு இந்தச் சிக்கனம் செல்லாது. பெரிய விசிறி என்றால் பெரிய வாய். ஒலியை முந்துகிற விமானத்துக்கு அது முட்டுக்கட்டை. அங்கே ஒல்லியான எஞ்சினும் ஆஃப்டர்பர்னரும்தான். டர்பைனைத் தாண்டி வெளியேறும் சூட்டிலேயே மேலும் எண்ணெயைப் பீய்ச்சிக் கொளுத்துவது அது. உந்துவிசை பாதிபோல் கூடும், எண்ணெய் மடங்கு மடங்காகப் போகும். 2024 அக்டோபர் 6ல் மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தபோது நான் காசிமேட்டில் இருந்தேன். அவ்வளவு தூரத்திலும் ரஃபேலும் சுகோயும் செங்குத்தாக ஏறும் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. அன்றைக்கு மெரினா வெயிலில் ஐந்து பேர் உயிர்விட்டார்கள். அதனால் அந்தச் சத்தத்தை முழு மனதோடு நினைத்துப்பார்க்க முடியவில்லை.

இந்திய விமானப்படைக்கு முதல் ஜெட்டாக வாம்பயர் 1948 நவம்பரிலேயே வந்துவிட்டது. பிறகு தூஃபானி, மிஸ்டேர், ஹண்டர், நாட். 1963ல் வந்த மிக்-21 அறுபத்திரண்டு வருடம் ஓடி 2025 செப்டம்பர் 26ல் சண்டிகரில் விடைபெற்றது. ஆனால் எனக்கு ஆறாத விஷயம் இவை எதுவும் இல்லை, மாருத்.

ஜெர்மனியின் பெரிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956ல் பெங்களூர் வந்து, இந்துஸ்தான் விமான நிறுவனத்தின் நம் ஆட்களோடு சேர்ந்து வரைந்த சண்டை விமானம். 1961 ஜூன் 17ல் சுரஞ்சன் தாஸ் அதைப் பறக்கவிட்டார். பார்த்தாலே வேகம் தெரியும் உடல். ஒலியைப்போல் ரெண்டு மடங்கு வேகம் போகத் திட்டம். அதற்கு ஒரு பிரிட்டிஷ் எஞ்சின் வரவேண்டியிருந்தது, ஆஃப்டர்பர்னரோடு கூடிய ஆர்ஃபியஸ் 12. அதை வளர்க்கும் செலவை யார் ஏற்பது என்பதில் இழுபறியாகி, அது வரவே இல்லை. குட்டி நாட் விமானத்தில் இருந்த அதே வகை ஆர்ஃபியஸை ரெண்டு பொருத்தினார்கள். எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள், அந்தத் திட்டமும் நின்றது. இருக்கும் எஞ்சினுக்கே ஆஃப்டர்பர்னர் சேர்த்துச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10ல் சுரஞ்சன் தாஸ் அந்த விமானத்திலேயே இறந்தார். அந்த உடலுக்கு ஏற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் மாருத் நன்றாகவே உழைத்தது. ஆனால் ஒலி வேகத்தை எட்டுவதே அதற்குப் பாடாக இருந்தது.

அதே கதை காவேரியிலும். 1989ல் அனுமதி கிடைத்த நம் சொந்த எஞ்சின். நம் தேஜஸ் சண்டை விமானத்துக்காகத்தான் தொடங்கினார்கள். 2001 ஜனவரி 4ல் தேஜஸ் முதன்முறை பறந்தபோது உள்ளே இருந்தது அமெரிக்க எஃப்-404, இன்றும் அதுதான். 2008ல் காவேரியைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். எடை கூடியது, உந்துவிசை எட்டவில்லை. ஜெர்மானியர்களுக்கு 1944ல் இருந்த அதே சிக்கல் வேறு வடிவில்: சூட்டைத் தாங்கும் உலோகத்தைச் செய்வதும், அதை ஒற்றைப் படிகமாக வார்ப்பதும் எந்த நாடும் விற்காத வித்தை.

திறமை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆவடியில் டாங்கி செய்யும் சிவிஆர்டிஇ ஆய்வகம்தான், தேஜஸின் எஞ்சின் சுழற்சியை எடுத்து மின்சாரத்துக்கும் ஹைட்ராலிக்குக்கும் பிரித்துக்கொடுக்கும் கியர்பாக்ஸை உருவாக்கியது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்வதை, எடை குறைத்து, எண்ணெய் ஒழுகாமல், தலைகீழாகப் பறந்தாலும் வேலைசெய்கிற மாதிரி கட்டுவது விளையாட்டு இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2010 நவம்பரில் காவேரியை வானத்தில் ஓட்டிப்பார்க்க வேண்டும் என்று வந்தபோது, அதை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், அவர்களுடைய இல்யூஷின்-76 விமானத்தில் ஒரு எஞ்சினைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டிப் பறக்கவிட்டார்கள். நம்மிடம் அப்படி ஒரு சோதனை விமானம் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் அடுத்தவன் வீட்டு வாசலில் முறை கேட்டு நின்றால் எஞ்சின் எப்போது தேறும்? விட்டில் தன் எஞ்சினை எத்தனை முறை உடைத்து, மறுநாளே திரும்பக் கட்டி ஓட்டினார் என்பதை நினைத்துப்பாருங்கள். கூட்டுச் சேர எந்த நாட்டுக் கம்பெனி வருகிறது, எத்தனை சதவீதத் தொழில்நுட்பம் தருகிறது என்று பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. நடக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு பழைய பெரிய விமானத்தை வாங்கி, அதன் ஒரு இறக்கையில் நம் எஞ்சினைத் தொங்கவிட்டு, நம் வானத்திலேயே வாரம் ஒரு முறை ஓட்டிப்பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஊற்ற வேண்டிய எண்ணெயை மணலியிலிருந்து நாங்கள் அனுப்புகிறோம்.